ஞாபக சக்திக்கு எங்கிருந்து தொடங்குவது? சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாற்பதை நெருங்கும் யாரிடமாவது ஞாபக சக்தியைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள், பெருமூச்சுதான் முதலில் வரும். அடுக்களைக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். எம்ஆர்டியில் சிரித்துவிட்டுப் போனவரின் முகம் தெரியும், பெயர் வராது. வீட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகம் லிஃப்டு கீழே வந்து சேர்ந்த பிறகுதான் வரும். இதைச் சொன்னால் போதும், ஒருவர் வல்லாரை மாத்திரை வாங்கச் சொல்வார், இன்னொருவர் சுடோக்கு போடச் சொல்வார், மூன்றாமவர் நம் கைப்பேசியை வாங்கி ஏதாவது ஒரு ஆப்பை இறக்கிக் கொடுத்துவிடுவார். இந்த மூன்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ரத்த அழுத்தத்தை.

காரணம் இருக்கிறது. மூளை நம் உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அந்தச் சக்தியைக் கொண்டுபோவது ரத்தக் குழாய்கள், அதிலும் மூளைக்குள் ஓடுபவை மிக மெல்லியவை. பிரஷரும் சர்க்கரையும் அவற்றை இருபது முப்பது வருடமாக, வலியே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துக்கொண்டே இருக்கும். எழுபது வயதில் வெளியே தெரியும் மறதியின் வேலை நாற்பத்தைந்தில் தொடங்கியிருக்கலாம்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உலகில் ஏற்படும் முதுமை மறதி நோயில் சுமார் 45 விழுக்காட்டை இவற்றைச் சரிசெய்வதன் மூலம் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது அது. உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, அதிகக் குடி, உடலுழைப்பு இல்லாமை, கவனிக்காமல் விட்ட காது மந்தம், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறை, மன அழுத்த நோய், தனிமை, தலையில் அடி, காற்று மாசு, சிறுவயதில் படிப்பு குறைவாகக் கிடைத்தது. இந்தப் பட்டியலில் மாத்திரை இல்லாததும் ஆப் இல்லாததும் தற்செயல் அல்ல. இவ்வளவையும் சரிசெய்தவருக்கு நோயே வராது என்று யாரும் உறுதி தர முடியாது, வயதும் மரபணுவும் நம் கையில் இல்லை. ஆனால் இங்கேயே நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு: மனநலக் கழகத்தின் ஆய்வில் 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களில் முதுமை மறதி நோய் உள்ளவர்களின் பங்கு 2013இல் 10 விழுக்காடாக இருந்து 2023இல் 8.8 ஆகக் குறைந்திருக்கிறது. கூடுவது மட்டும்தான் இதன் இயல்பு என்று நினைக்க வேண்டாம்.

படி 1: உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்தால் போதும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இந்த மூன்றையும் பரிசோதிக்க நேரம் பதிவு செய்யுங்கள். இங்குள்ள இந்தியர்களுக்கு நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்பு சீனர்களைவிடக் கூடுதல், அதனால் "எனக்கு ஒன்னும் இல்ல, நல்லாத்தானே இருக்கேன்" என்ற பேச்சை இந்த விஷயத்தில் மட்டும் விட்டுவிடுங்கள். நன்றாக இருப்பது போலத் தெரியும்போதுதான் பிரஷர் தன் வேலையைச் செய்யும்.

40 வயதைத் தாண்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசின் ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேரலாம். ஹெல்த்ஹப் ஆப்பில் சிங்பாஸ் வழியாக நுழைந்து, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். திட்டத்தைப் பற்றிப் பேசும் முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. வருடாவருடம் ஒரே மருத்துவர் உங்களைப் பார்ப்பதுதான் இதில் பெரிய லாபம், போன வருடம் 128 இருந்தது இந்த வருடம் 142 என்று அவர் கவனிப்பார். வேலை அனுமதியில் வந்து விடுதியில் இருப்பவர்களுக்கு முதலாளி எடுத்திருக்கும் அடிப்படை மருத்துவத் திட்டம் இருக்கும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகும்போதே "பிரஷரையும் பாத்துடுங்க டாக்டர்" என்று கேட்டுவிடுங்கள்.

வீட்டில் கருவி வைத்துப் பார்ப்பவர்கள் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள், கோப்பி குடித்த உடனேயோ படியேறி வந்த உடனேயோ வேண்டாம். தொடர்ந்து 140/90ஐத் தாண்டினால் அது மருத்துவரிடம் போக வேண்டிய செய்தி. மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். "பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சா நிறுத்த முடியாது" என்ற பயத்தில் தள்ளிப்போடும் நம்மவர்கள் நிறைய பேர், எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அமெரிக்காவில் 9,300க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140க்குக் கீழே என்று இலக்கு வைத்தவர்களைவிட, நினைவாற்றல் லேசாகக் குறையும் ஆரம்பநிலை 19 விழுக்காடு குறைவாகவே ஏற்பட்டது. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஆனால் மருந்து மூளைக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபோர்மின் எடுப்பவர்கள், பி12 வைட்டமின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தால் மறதி வரும், கால் மரத்துப்போகும், கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது எளிது. தைராய்டும் அப்படியே.

படி 2: தூக்கம்

பகலில் பார்த்ததும் படித்ததும் மூளையில் நிலையாகப் பதிவது பெரும்பாலும் தூக்கத்தில்தான். ஹிப்போகேம்பஸ் என்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது, புதிய நினைவுகள் முதலில் அங்கே உருவாகின்றன, தூங்கும்போது அவை மறுபடி மறுபடி ஓட்டப்பட்டு மூளையின் மற்ற பகுதிகளில் வலுப்பெறுகின்றன. பரீட்சைக்கு முதல் நாள் விடிய விடியப் படிக்கும் பிள்ளை இந்த வேலையைத்தான் நிறுத்திவைக்கிறது. பிள்ளைகளை அப்படி உட்கார வைக்காதீர்கள், தயவுசெய்து.

பெரியவர்களுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம் வேண்டும், வயதானவர்களுக்கு ஏழு எட்டு போதும். இதற்கு நீங்கள் மாற்ற வேண்டியவை: கைப்பேசியை வரவேற்பறையில் சார்ஜ் போடுவது (அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம்), தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவது, கடைசித் தேநீரை மதியம் மூன்று மணியோடு முடித்துக்கொள்வது. கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து ஆறு மணி நேரம் ஆகும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கோப்பிக்கடையில் குடிக்கும் தே தாரிக் நள்ளிரவு வரை உங்களோடு இருக்கும். இரவுப் பணி பார்க்கும் பாதுகாவலர்களும் கப்பல் பட்டறைக்காரர்களும் இதையெல்லாம் அப்படியே செய்ய முடியாது, அவர்களுக்கு முக்கியம் இருட்டும் ஒரே நேரமும்: பகலில் தூங்கும்போது கண்ணை மறைத்துக்கொள்ளுங்கள், ஷிஃப்டு மாறாத வாரங்களில் தூங்கும் நேரத்தையும் மாற்றாதீர்கள்.

குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால், அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். எட்டு மணி நேரம் படுத்தும் மூளைக்கு ஓய்வு கிடைக்காத நிலை அது.

படி 3: நடை

அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்தில் மூன்று நாள் 40 நிமிடம் நடந்தது, மற்றது உடம்பை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருடம் கழித்து நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது, மற்றவர்களுக்குக் கொஞ்சம் சுருங்கியிருந்தது. 2011இல் வெளியான ஆய்வு இது. அந்த வயதில் அது பொதுவாகச் சுருங்கும் உறுப்பு என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். வெயிலுக்குப் பயந்தால் காலை ஏழரைக்கு முன்னால் போங்கள், மழை பெய்தால் புளோக்கின் கீழ்த்தளத்திலும் கூரை போட்ட நடைபாதையிலும் நடங்கள், அதுவும் கணக்கில் சேரும். பூங்கா இணைப்புப் பாதைகள் எல்லாப் பேட்டைக்கும் பக்கத்தில் வந்துவிட்டன. மூட்டு வலிக்காரர்களுக்கு நீச்சல் குளம், இல்லாவிட்டால் சைக்கிள். சைக்கிள் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம் போடுங்கள், தலையில் படும் அடி அந்த 14இல் ஒன்று.

நடையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். தெரியாத பேட்டைக்குப் போனால் வரைபடத்தைக் கிளம்புமுன் ஒருமுறை பார்த்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் போடுங்கள். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும், எலினார் மெக்வயர் என்ற விஞ்ஞானி 2000இல் அவர்கள் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், தோ பாயோவில் புளோக் எண்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்து வந்தால் போதும்.

படி 4: காதும் கண்ணும்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். காது சரியாகக் கேட்காதவர் சொல்லைப் பிடிப்பதிலேயே மூளையின் முயற்சியைச் செலவழித்துவிடுகிறார், அதைப் பதிந்து வைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. அப்புறம் பேச்சைத் தவிர்ப்பார், கல்யாணங்களுக்குப் போனாலும் ஓரமாக உட்காருவார், தனிமை வந்துவிடும். வீட்டில் எல்லோரும் "தாத்தாவுக்கு ஞாபகம் போயிடுச்சு" என்பார்கள், தாத்தாவுக்குக் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. காது கேட்கும் கருவி எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவவில்லை, ஆனால் இதயநோய், சர்க்கரை போன்ற ஆபத்துகள் அதிகம் உள்ளவர்களுக்கு மூளைத் திறன் குறையும் வேகத்தை 48 விழுக்காடு மட்டுப்படுத்தியது. சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கண், காது, வாய் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை, பிராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன் என்ற பெயரில், மிகக் குறைந்த கட்டணத்தில் அக்கம்பக்கத்திலேயே நடக்கிறது. கருவி வாங்க வேண்டி வந்தால் வருமானத்தைப் பொறுத்து அரசு உதவித்தொகையும் உண்டு, மருத்துவமனை மருத்துவச் சமூக ஊழியரிடம் கேளுங்கள்.

படி 5: இனி ஞாபகப் பயிற்சி

சரி, உடம்பைப் பார்த்தாயிற்று. இப்போது சாவிக்கும் பெயருக்கும் வருவோம்.

நாம் மறந்துவிட்டோம் என்று சொல்பவற்றில் நிறைய, முதலிலேயே மூளைக்குள் போகாதவை. சாவியை வைக்கும்போது கண் கைப்பேசியில் இருந்தால் சாவி இருக்கும் இடம் பதிவாகவே இல்லை, பதியாததை எத்தனை யோசித்தாலும் எடுக்க முடியாது. ஆகவே சாவி, பர்ஸ், ஈசி-லிங்க் அட்டை, கண்ணாடி நான்குக்கும் கதவுக்குப் பக்கத்தில் ஒரே இடம். ஞாபக சக்தியை இதில் வீணாக்காதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. கேஸ் அடுப்பை அணைக்கும்போது "அடுப்பை அணைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு நொடி கவனமே பதிவு.

செய்ய வேண்டியதை மறக்கிறவர்களுக்கு: "மாத்திரை போடணும்" என்று பொதுவாக நினைத்துக்கொண்டால் நிற்காது. "காலையில் பல் தேய்த்து பிரஷை வைத்தவுடன் மாத்திரை" என்று, ஏற்கனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். ஏழு நாள் மாத்திரைப் பெட்டி மருந்தகத்தில் கிடைக்கும், அதை பிரஷுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

எண்களைத் துண்டாக்குங்கள். மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருப்பது நான்கைந்து துண்டுகள்தான், எட்டு இலக்கக் கைப்பேசி எண்ணை நாலு நாலாகப் பிரித்தால் அது இரண்டு துண்டு. அர்த்தம் கொடுத்தால் இன்னும் நல்லது. நம் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு அதன் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணேதான். இது தெரிந்தவருக்குப் பாதி எண் ஏற்கனவே தெரிந்துவிட்டது.

பெயர்களுக்கு: அறிமுகமான உடனே அந்தப் பெயரைச் சொல்லி ஒரு வாக்கியம் பேசுங்கள், விடைபெறும்போது மறுபடி சொல்லுங்கள். சரியாகக் கேட்கவில்லையென்றால் வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள். சீனர் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும், எந்தப் பெயரால் கூப்பிடலாம் என்று கேட்டுவிட்டால் அந்த உரையாடலே பெயரைப் பதிய வைத்துவிடும்.

படிப்புக்கு வருவோம், ஓ நிலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வகுப்பில் சேர்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் இது ஒன்றுதான். திரும்பத் திரும்பப் படிப்பதும் மஞ்சள் மை தடவுவதும் படித்த மாதிரி ஓர் உணர்வைத் தரும், அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதுதான் பதிய வைக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் இதை அளந்து காட்டினார்கள்: மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியை மறுபடி படித்தார்கள், மற்றவர்கள் படிக்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களிடம் 56 விழுக்காடும் மறுபடி படித்தவர்களிடம் 42 விழுக்காடும் மிஞ்சியிருந்தது. நம் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தைய இரவில் ஏமாறுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

இடைவெளியும் வேண்டும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது, அதன் பிறகு இறக்கம் மெதுவாகிறது. அதனால் படித்த அன்று ஒருமுறை, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம், ஒரு மாதம் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். கொஞ்சம் மறந்துபோய், முயன்று எடுக்கும்போதுதான் அது வலுவாகும். எடுக்கச் சிரமமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

வரிசையாக நினைவில் வைக்க வேண்டியவற்றுக்கு, தெரிந்த தெருவில் பொருள்களை நிறுத்தி வைக்கும் முறை இருக்கிறது. கிரேக்கக் கவிஞர் சைமனிடிஸ் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள், ரோமானியப் பேச்சாளர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். நமக்குச் சிராங்கூன் சாலையைவிட நல்ல தெரு எது? தேக்கா மார்க்கெட், கேம்பல் லேன், வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா பக்கம் திரும்பும் முனை, பெருமாள் கோயில், இந்த ஐந்தையும் கண்ணை மூடி நடந்து பார்க்க முடிகிறதா? இப்போது நாளைக்குச் செய்ய வேண்டிய ஐந்து வேலையை அங்கே வையுங்கள். தேக்கா வாசலில் பால் வெள்ளமாக ஓடுகிறது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டுகிறீர்கள். கேம்பல் லேனில் பூச்சரம் தொங்கும் இடத்தில் பல்புகள் தொங்குகின்றன. கோயில் வாசலில் செருப்புகளுக்கு நடுவே மாத்திரை அட்டைகள். முஸ்தபா முனையில் ஊரிலிருந்து அம்மா வந்து நின்றுகொண்டு "பணம் அனுப்பினியாப்பா?" என்று கேட்கிறார். பெருமாள் கோயில் தெருவில் எல்லா விளக்கும் அணைந்து கிடக்கிறது, மின்கட்டணம் கட்டவில்லை. படம் எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு நன்றாக நிற்கும். ஐந்தில் தொடங்கிப் பத்துக்குப் போங்கள்.

நம் மரபிலும் இதெல்லாம் இருந்ததுதான். ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல்லாகும் அந்தாதியை யோசித்துப் பாருங்கள், நூறு பாட்டையும் சங்கிலியாகப் பிடித்துக்கொண்டு போகலாம். எதுகை மோனை அடுத்த வரியைக் கையில் எடுத்துத் தந்துவிடும். செய்குத்தம்பி பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு விஷயங்களில் ஒரே அமர்வில் கவனம் வைத்துச் சதாவதானி என்று பெயர் வாங்கினார். பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு குறள் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் விட்டுவிடாதீர்கள், அதை மேலே சொன்ன இடைவெளிக் கணக்கில் கேளுங்கள்.

படி 6: மொழியும் மனிதர்களும்

ஹைதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் தொடங்கியது ஒரே மொழி பேசியவர்களைவிடச் சராசரியாக நாலரை வருடம் தாமதமாக. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. தமிழும் ஆங்கிலமும் கொஞ்சம் மலாயும் பேசி வாழும் நம் ஊரில் இதற்குத் தனிச் செலவே இல்லை. பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாலும் தாத்தா தமிழில் பதில் சொல்லட்டும், இருவருக்கும் நல்லது. இந்தத் துறையில் வேறு மாதிரி முடிவு வந்த ஆய்வுகளும் உண்டு, ஆனால் வீட்டில் தமிழ் பேசுவதால் இழப்பு எதுவும் இல்லை.

புதிதாகக் கற்பதில் கொஞ்சம் கஷ்டம் இருக்க வேண்டும். தெரிந்ததையே செய்துகொண்டிருந்தால் மூளைக்கு வேலை இல்லை. மிருதங்கம், மாண்டரின், தையல், எதுவானாலும் சரி. நேஷனல் சில்வர் அகாடமியில் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வகுப்புகள் உண்டு, தேசிய நூலகக் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. படித்ததை யாரிடமாவது சொல்லுங்கள், காலையில் தமிழ் முரசில் படித்ததை மாலையில் ஒருவரிடம் விளக்கிச் சொல்வது மேலே சொன்ன நினைவுப் பயிற்சியேதான், கூடவே மனிதரும் கிடைக்கிறார். தனியாக இருக்கும் முதியவர்கள் பேட்டையிலுள்ள துடிப்பாக மூப்படைதல் நிலையத்துக்குப் போகலாம். "அங்க எல்லாம் சீனர்தான், நமக்கு என்ன வேலை" என்று தயங்குவார்கள். முதல் தடவை நீங்கள் கூடவே போய் உட்காருங்கள், இரண்டாம் தடவையும் போங்கள்.

சாப்பாடு, மாத்திரை, ஆப்

சாப்பாட்டில் மந்திரம் எதுவும் இல்லை. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. கீரை அடிக்கடி. தேக்காவில் கெம்போங் என்று கேட்டால் கிடைக்கும் கானாங்கெளுத்தி விலை குறைவு, ஒமேகா 3 நிறைந்தது, குழம்பு வையுங்கள், வறுக்காதீர்கள். உப்பைக் குறைத்தால் பிரஷர் குறையும். சர்க்கரையும் அப்படித்தான்: கோப்பிக்கடையில் "கோசோங்" (சர்க்கரை இல்லாமல்) என்று சொல்லப் பழகுங்கள், ஒரேயடியாக முடியாவிட்டால் "சியூ டாய்" (சர்க்கரை குறைவாக). இங்குள்ள தேசியப் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு முறைக்கு மேல் காளான் சாப்பிட்ட சீன முதியவர்களிடம் லேசான மறதிநிலை ஏறக்குறைய பாதியாகக் காணப்பட்டது. காளான்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, சாப்பிட நல்லது, சாப்பிடுங்கள்.

வல்லாரைக் கீரை தேக்காவில் கிடைக்கும், மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லிப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். துவையல் அரைத்துச் சாப்பிட எந்தத் தடையும் இல்லை. ஆனால் மாத்திரையாக நூறு வெள்ளி கொடுத்து வாங்கும் அளவுக்குச் சான்று இல்லை. ஜின்கோ என்ற மரத்தின் இலையிலிருந்து செய்யும் மாத்திரையை 3,069 முதியவர்களிடம் பல வருடம் சோதித்துப் பார்த்து, மறதிநோயை அது தடுக்கவில்லை என்று 2008இலேயே சொல்லிவிட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் ஜின்கோவைத் தொடவே வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. மூளை விளையாட்டு ஆப்கள் அந்த விளையாட்டில் உங்களைக் கெட்டிக்காரராக்கும். அன்றாட மறதியையும் முதுமை மறதியையும் தடுக்கும் என்று விளம்பரம் செய்ததற்காக லுமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க அரசு அமைப்பிடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பிடித்தால் விளையாடுங்கள், நடைக்கு பதிலாக வேண்டாம்.

இத்தனையையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். பரிசோதனைக்குப் பதிவும் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதும் முதல் வாரம். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நடை, சாப்பாடு, கற்றல் என்று கூட்டுங்கள். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் நடத்தினார்கள், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் மூளைத் திறன் மேம்பட்டிருந்ததாக 2015இல் முடிவு வந்தது. அதை நம் உணவுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப மாற்றிச் சிங்கப்பூரிலும் சிங்கர் என்ற பெயரில் ஆய்வு நடத்துகிறார்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு மறதி வந்தால்

பெயர் கொஞ்சம் தாமதமாக வருவது வயதின் இயல்பு. கவலைப்பட வேண்டியது வேறு: அரை மணி நேரத்தில் அதே கேள்வியை மூன்று நான்கு முறை கேட்பது, இருபது வருடமாகப் போன கோப்பிக்கடைக்கு வழி தவறுவது, வங்கி அட்டை எண்ணும் பில் கட்டுவதும் குழம்புவது, வாழ்நாள் முழுக்க வைத்த சாம்பாரின் படிகள் மாறிப்போவது, அமைதியானவர் திடீரென்று சந்தேகப்படத் தொடங்குவது. பணிப்பெண் வைத்திருக்கும் வீடுகளில் இதை முதலில் பார்ப்பவர் அவர்தான், அவரிடம் கேளுங்கள், சொல்வதை நம்புங்கள். ஓரிரு நாளுக்குள் குழப்பம் வந்தால் அது தொற்றாகவோ மருந்தின் விளைவாகவோ இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முகம் கோணி, பேச்சு குழறினால் 995.

உறவினர்கள் கூடியிருக்கும்போது "பாட்டி, இது யாரு? சொல்லுங்க பாப்போம்" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்பாகத்தான் கேட்கிறோம், ஆனால் பதில் தெரியாத அந்த முதியவர் எல்லோர் முன்னாலும் தேர்வில் தோற்கிறார், அடுத்த முறை வெளியே வரவே தயங்குவார். "பாட்டி, நான் உங்க சின்ன மகனோட பொண்ணு, பாக்க வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். "இப்பத்தானே சொன்னேன்பா" என்பதையும் விட்டுவிட்டு, கேட்டதற்கு மறுபடி பதில் சொல்லுங்கள்.

பாலிகிளினிக் மருத்துவரிடம் முதலில் காட்டி, அவர் கடிதம் கொடுத்து அரசு மருத்துவமனையின் நினைவாற்றல் கிளினிக்குப் போனால் கட்டணச் சலுகை கிடைக்கும். போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடையில் வாங்கிய சளி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் முதியவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கும். என்ன மாற்றம், எப்போதிலிருந்து என்று தேதி போட்டு அரைப் பக்கம் எழுதி வையுங்கள், கூடவே வசிப்பவர் ஒருவர் வர வேண்டும். பெரியவருக்குத் தமிழ் மட்டும்தான் வரும் என்றால் நேரம் பதிவு செய்யும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி புரியாமல் விழித்ததை மறதி என்று எழுதிவிடக் கூடாது. மொழியைச் சாராமல் படங்களை வைத்தே நினைவைச் சோதிக்கும் விகேட் என்ற சோதனை இங்குள்ள தேசிய நரம்பியல் கழகத்தில் உருவானது, அது கிடைக்குமா என்று கேளுங்கள்.